ஆட்சேபணை இல்லை

மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டி
நகைக்கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
கோட் போட்ட பையன், காலரில் வியர்வை,
எங்களை எண்களாக மாற்றிக்கொண்டிருந்தான்.

ஷெறினுக்கு வயது முப்பத்தாறு, அதற்கு இவ்வளவு.
நர்சிங் பட்டம், பன்னிரண்டு வருட ஐசியு,
அதற்கு இவ்வளவு.
ஆங்கிலத் தேர்வில் எழுத்துக்கு மட்டும் அரைப் புள்ளி குறைவு,
மூன்றாம் தடவை எழுதினால் கிடைத்துவிடும்.
பிறகு என் பக்கம் திரும்பினான்.
சாருக்கு?

பிளஸ் டூ. கெமிஸ்ட்ரியில் போச்சு.
வாழைக்குலை ஏற்றும் டெம்போ, சொந்தம்,
இரண்டு தவணை பாக்கி.
ஓடிக்கொண்டிருந்த அவன் விரல் நின்றது.
"சாரைச் சேத்தா பதினேழு குறையுது.
சார் கூட வரலன்னு போட்டா
கட் ஆஃபுக்கு மேல நிக்கும் மேடம்."

நான் ஒரு கழித்தல் என்று
நாற்பத்திமூன்று வருடத்தில்
இவ்வளவு மரியாதையாக யாரும் சொன்னதில்லை.
டீ வந்தது. குடித்தோம்.

வேறு வழிகளும் வைத்திருந்தான்.
பிள்ளையை மட்டும் முதலில் அனுப்பலாம்,
ஒன்பது வயது போதும்,
மாதம் பணம் கட்டினால் கார்டியன் கிடைப்பார்.
போட்டோ காட்டினான். நல்ல வீடு. நாய் உண்டு.
ஷெறின் அந்த நாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
அம்மா துணைக்குப் போகலாம், வேலை செய்யக்கூடாது.
வேலை செய்யாமல் பீஸை யார் கட்டுவது
என்பதற்கு அவன் திரையில் கட்டம் இல்லை.
அப்பா பிறகு வரலாம்.
"பிறகுன்னா எப்ப?"
"அது பிராசஸ் சார்."

ஜோபினா பிறந்தது பாறசாலை ஆஸ்பத்திரியில்.
வலி வந்த ராத்திரி
இந்தப் பக்கம் டாக்டர் லீவு,
இதே டெம்போவில் எல்லை தாண்டினோம்,
யாரும் விசா கேட்கவில்லை.
சான்றிதழ் மலையாளத்தில்.
அதன் ஆங்கிலத்தில் என் பெயருக்கு ஒரு எச் இல்லை,
ஆதாரில் உண்டு.
எச் உள்ள கிறிஸ்துதாசும்
எச் இல்லாத கிறிஸ்துதாசும்
ஒரே ஆள்தான் என்று எழுதி வாங்க
வில்லேஜ் ஆபீசுக்கு நாலு நடை.
நாலாவது நடையில் எனக்கே சந்தேகம் வந்தது.

கடைசியாக இந்த முத்திரைத்தாள்.
குழித்துறை கோர்ட்டு வாசலில் டைப் அடித்தது.
ராத்திரி அதை எடுத்து
ஜோபினா சத்தமாக வாசித்தாள்,
வாசிப்புப் பயிற்சி என்று நினைத்துக்கொண்டு.
ஐ, கிறிஸ்துதாஸ், ஹியர்பை டிக்ளேர்...
"ஹியர்பைன்னா என்னப்பா?"
"இதனால்னு அர்த்தம் பிள்ளே."
"எதனால்?"

அடுப்படியில் குக்கர் மூன்றாம் விசில் அடித்தது.
ஷெறின் அணைக்கவில்லை.
நாலாவதும் அடித்தது.
எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று
ஜோபினாதான் விரல் வைத்துக் காட்டினாள்.
மூன்று இடம்.
இரண்டாவதில் பேனா எழுதவில்லை,
அவளுடைய ஜெல் பேனாவைத் தந்தாள்.
வயலெட் நிறம்.
நோட்டரி அதற்காகத் திட்டினார்,
இன்னொரு தாள், இன்னொரு நூறு.

வெள்ளிக்கிழமை விடியுமுன்
மட்டியும் ஏத்தனும் நெய்யாற்றின்கரையில் இறக்கிவிட்டுத்
திரும்பி வந்தேன்.
களியக்காவிளையில் டார்ச் அடித்து நிறுத்தினார்கள்.
அங்கிருந்து குப்பை ஏற்றி வந்து
இங்கே கொட்டுகிறார்களாம், இப்போது அதுதான் சோதனை.
பின்கதவைத் திறந்து காட்டினேன்.
வாழைச்சருகு, கயிறு,
ஷெறினின் பழைய தேர்வுத்தாளில் பொதிந்த
சோற்றுப்பாத்திரம்.
"ஒண்ணும் இல்லியா?"
"காலி சார்."
"அப்ப பேப்பர் ஒண்ணும் வேண்டாம். போ."

பின்னால் திருவனந்தபுரம் பஸ்
ஹார்ன் அடிக்கும் வரை
நான் கதவைச் சாத்தவில்லை.